பார்சல் வண்டியில் முதல் வாரம்: படபடப்போடு வேலை பழகுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பார்சல் டெலிவரி வேலைக்குப் பயிற்சிக்கு வருகிறவர்களில் வண்டி ஓட்டப் பயப்படுகிறவர் அபூர்வம். டிராக்டரும் சரக்கு ஆட்டோவும் ஓட்டிப் பழகிய கைகள்தான் பெரும்பாலும் வருகின்றன. ஆனாலும் முதல் நாள் காலையில் குடோன் வாசலில் பார்சல் குவியலைப் பார்த்ததும் முகம் வெளிறிவிடுகிறது. கும்பகோணத்தைச் சுற்றிப் பல ஆண்டுகளாக இந்த வேலையைச் செய்துகொண்டு, புதியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கியும் வருகிறேன். ‘தைரியமாக இரு தம்பி’ என்று சொல்லி யாருக்கும் தைரியம் வந்து நான் பார்த்ததில்லை. தெரியாத விஷயங்கள் பத்து ஒன்றாகச் சேர்ந்து நெஞ்சில் உட்கார்ந்துகொள்வதுதான் இந்தப் படபடப்பு. அவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்று கைக்குப் பழக்கிவிட்டால் மனம் அடங்க ஆரம்பிக்கும். அதற்கான வழிகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முந்தின நாள் இரவு

ஒரு தாளை எடுத்து, எதற்கெல்லாம் பயம் என்று எழுதுங்கள். ‘பயமாக இருக்கிறது’ என்று பொதுவாக எழுதினால் பயனில்லை. ‘சந்துக்குள் போய் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாது’, ‘போனில் ஸ்கேன் செய்யும்போது தப்பாக அழுத்திவிடுவேன்’, ‘சாயங்காலம் பணம் குறைந்தால் என் கையிலிருந்து போகும்’, ‘நாய்’ என்று இருக்கிறபடியே எழுதுங்கள். மறுநாள் அந்தத் தாளை, உங்களுக்குப் பழக்கிக் கொடுக்கப்போகிற அண்ணனிடம் காட்டுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. எதிலிருந்து தொடங்குவது என்று அவருக்கு அப்போதுதான் தெரியும்.

போலீஸ் நிறுத்தினால் என்ன செய்வது என்ற பயம் பலருக்கு உண்டு. ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வண்டியில் வையுங்கள். டிஜிலாக்கரிலும் ஏற்றிவையுங்கள். ‘பேட்ஜ் இல்லாமல் குட்டி யானை (சின்னச் சரக்கு வண்டி) ஓட்டலாமா?’ என்று கேட்காத புதியவர் இல்லை. இலகுரக வாகன உரிமம் வைத்திருப்பவர் மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியைத் தனி ஒப்புதல், அதாவது பேட்ஜ், இல்லாமலே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது. அந்தக் கவலையை அத்தோடு விடுங்கள்.

காலையில் வெறும் வயிற்றோடு வரவே வராதீர்கள். நான்கு இட்லி சாப்பிட்டுவிட்டு ஒரு காபி குடித்தால் போதும். ஊர்க் காபி நன்றாகத்தான் இருக்கும், அதற்காக வழியில் கடைக்குக் கடை நிறுத்திக் குடித்தால் இதயம் வேகமாக அடித்துக்கொள்ளும். அது காபியால் வந்ததா, பயத்தால் வந்ததா என்று உங்களுக்கே புரியாது. தண்ணீர் பாட்டில் இரண்டாக இருக்கட்டும்.

லோடு அடுக்குவதில்தான் பாதி நிம்மதி

புதியவர்கள் அவசரப்பட்டு முடிக்கிற வேலை இது. நான் அவர்களை நிறுத்திவைத்து, நேரம் எடுத்துக்கொள்ளச் சொல்கிற வேலையும் இதுதான்.

வாடிக்கையாளர் வீட்டு வாசலில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். பெட்டிகள் கலந்துகிடக்கும் வண்டியின் பின்கதவைத் திறந்து, குனிந்து, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பெயர் தேடுகிறீர்கள். வெயில் பிடரியில் அடிக்கிறது. வியர்த்த கையில் போன் வழுக்குகிறது. அந்த அம்மா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார், பக்கத்து வீட்டுக்காரரும் எட்டிப் பார்க்கிறார். இரண்டு நிமிடம்தான் ஆகியிருக்கும், உங்களுக்கோ ஒரு மணி நேரம் போலத் தோன்றும். கை உதறத் தொடங்குவது இந்த இடத்தில்தான். காரணம் காலையில் குடோனில் இருக்கிறது.

முதலில் எல்லாப் பார்சலையும் ஊர்வாரியாகத் தரையில் பிரியுங்கள். போகிற வழியின் வரிசையில் ஊர்களை அடுக்குங்கள். கும்பகோணத்திலிருந்து கிளம்புகிறீர்கள், தாராசுரம், சுவாமிமலை, பாபநாசம் என்று போகிறீர்கள் என்றால் பாபநாசம் பெட்டிகள் முதலில் ஏறி உள்ளே போக வேண்டும். தாராசுரம் கடைசியில் ஏறிக் கதவோரம் இருக்க வேண்டும். கனமானவை அடியில், உடையக்கூடியவை மேலே. ஒவ்வொரு பெட்டியிலும், முகவரிச் சீட்டை மறைக்காமல், ஒட்டுத்தாளில் வரிசை எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அந்த எண் உங்கள் பக்கம் பார்த்திருக்க வேண்டும். கவர்களில் வரும் சின்னப் பார்சல்கள் பெட்டிகளுக்கு இடையில் விழுந்து மறைந்துவிடும். அவற்றுக்குத் தனிப் பை, அதுவும் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில்.

கடைசியாக, போனில் காட்டும் எண்ணிக்கையும் வண்டியில் இருக்கும் எண்ணிக்கையும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒன்று குறைந்தால்கூட வாசலைத் தாண்டாதீர்கள். பின்னால் நிற்கும் வண்டிக்காரர் ஹாரன் அடித்தாலும் சரி. குறைந்த பார்சலோடு கிளம்பினால் நாள் முழுவதும் அதே நினைப்பு உங்களைத் தின்றுகொண்டிருக்கும்.

முகவரி: டெல்டாவுக்கே உரிய சிக்கல்கள்

வீட்டைக் கண்டுபிடிக்க முடியாமல் போய்விடுமோ என்பதுதான் பயப் பட்டியலில் எப்போதும் முதலிடம். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. இங்கே முகவரிகள் அவ்வளவு எளிதல்ல.

மாவட்டத்தின் பெயரை நம்பாதீர்கள். பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991-ல் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997-ல் திருவாரூர், 2020-ல் மயிலாடுதுறை. ஜனங்கள் தங்கள் முகவரியை அத்தனை தடவை மாற்றி எழுதுவதில்லை. சீர்காழிக்காரர் இன்னும் நாகை மாவட்டம் என்று போட்டிருப்பார். பெரியவர் ஒருவர் மாயவரம், தஞ்சை ஜில்லா என்றே எழுதியிருப்பார். பின்கோட்டைப் பாருங்கள். 609 மயிலாடுதுறை, சீர்காழிப் பக்கம். 610 திருவாரூர், 611 நாகப்பட்டினம், 612 கும்பகோணம், 613 தஞ்சாவூர், 614 மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம். காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, ஆனால் பின்கோடு 609 என்றே தொடங்கும்.

ஒரே பெயரில் இரண்டு ஊர் இருப்பதற்கும் பின்கோடுதான் மருந்து. குரு கோயில் இருக்கும் ஆலங்குடிக்கு 612, புதுக்கோட்டை ஆலங்குடிக்கு 622. நம் பாபநாசம் 614, திருநெல்வேலிப் பக்கத்துப் பாபநாசம் 627. குடோனிலேயே இதைக் கவனித்துவிட்டால், இல்லாத தெருவைத் தேடி மதிய வெயிலில் அலைய வேண்டியதில்லை.

தெருப் பெயர்களில் ஓர் ஒழுங்கு உண்டு. கோயில் ஊர்களில் கீழவீதி கிழக்கே, மேலவீதி மேற்கே, தெற்கு வீதியும் வடக்கு வீதியும் பெயருக்கேற்றபடி. கோயிலை நடுவில் வைத்துப் பார்த்தால் திசை புரிந்துவிடும். தஞ்சாவூரில் நான்கு ராஜ வீதிகளும் நான்கு அலங்கங்களும் (பழைய கோட்டைச் சுவரோரத் தெருக்கள்) இருக்கின்றன. ‘மேல’ என்று பார்த்ததும் போய்விடாமல் ராஜ வீதியா அலங்கமா என்று முழுதாகப் படியுங்கள். கிராமங்களில் ஊருக்கு ஊர் மேலத்தெருவும் கீழத்தெருவும் உண்டு, கதவு எண் இருந்தாலும் வரிசையாக இருக்காது. அங்கே ‘அஞ்சல்’, ‘வழி’ என்ற இரண்டு வரிகள்தான் உங்களை ஊர்கொண்டு சேர்க்கும்.

அடுத்தது ஆறு. காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, அரசலாறு, வீரசோழன் என்று பாசன ஆறுகளுக்கு நடுவில்தான் நம் ஊர்கள் இருக்கின்றன. மேப் ‘இருநூறு மீட்டர்’ என்று காட்டும். நீங்கள் கரையில் வண்டியை நிறுத்திப் பார்ப்பீர்கள். ஓட்டு வீடு, வாசலில் கோலம், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். நடுவில் ஆறு ஓடும். “அண்ணே, வீடு அதோ தெரிகிறது, எப்படிப் போவது?” என்று என்னுடன் வரும் பையன்கள் பதறுவது பெரும்பாலும் இப்படி ஒரு கரையில்தான். நடைபாலம் பக்கத்திலேயே இருக்கும், அதில் குட்டி யானை போகாது. வண்டிப் பாலத்துக்குப் பல கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும். ஆகவே ஆற்றோர ஊர்களுக்குக் கிளம்பும் முன்பே போன் செய்து இரண்டு கேள்விகள் கேளுங்கள்: வீடு தென்கரையா வடகரையா? வண்டி வருகிற பாலம் எது? சின்னப் பார்சல் என்றால் வண்டியைப் பூட்டிவிட்டு நடைபாலத்தில் நடந்துபோய்க் கொடுத்துவிட்டு வருவதே நல்லது.

இன்னொன்று. டெல்டாவில் நிறைய வீடுகளுக்குப் பொருள் வாங்கிக் கொடுப்பது சென்னையிலோ திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள். போன் எண் அவர்களுடையது, ஓடிபி போவதும் அவர்களுக்கே. வாசலில் நிற்கும் ஆத்தாவுக்கு எதுவும் தெரியாது. “எண் வந்திருக்கிறதா அம்மா?” என்று அவரிடம் கேட்டுக்கொண்டு நின்றால் இரண்டு பேருக்கும் குழப்பம்தான். அரை மணி நேரம் முன்பே பிள்ளையை அழைத்து, ஓடிபியைத் தயாராக வைத்திருக்கவும், ஆத்தாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கவும் கேட்டுக்கொள்ளுங்கள்.

போனில் என்ன பேசுவது என்றே சிலருக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: “வணக்கம் ஐயா, உங்களுக்கு ஒரு பார்சல் கொண்டுவருகிறேன். அரை மணி நேரத்தில் உங்கள் ஊரில் இருப்பேன். வீட்டுக்குப் பக்கத்தில் கோயில், ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி ஏதாவது உண்டா?” இவ்வளவு போதும். அப்படியும் வழி தெரியவில்லை என்றால் ரேஷன் கடையிலோ டீக்கடையிலோ கேளுங்கள். பெயரையும் தெருவையும் மட்டும் சொல்லுங்கள். பார்சலில் என்ன இருக்கிறது, எவ்வளவு பணம் என்பது மூன்றாவது மனிதருக்குத் தெரிய வேண்டியதில்லை.

பக்கத்தில் அண்ணன் இருக்கும் நாட்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். முதலில் அவர் ஓட்டட்டும், நீங்கள் பார்சலை எடுத்து, ஸ்கேன் செய்து, கொடுத்துவிட்டு வாருங்கள். போன் கைக்குப் பழகிய பிறகு நீங்கள் ஓட்டுங்கள், கொடுக்கிற வேலையை அவர் பார்க்கட்டும். இரண்டும் தனித்தனியாகப் பழகிய பின்பு சேர்த்துச் செய்யுங்கள். எல்லா இடத்திலும் இப்படிப் பிரித்துக் கொடுக்க மாட்டார்கள், அங்கே நீங்களாகவே வாய் திறந்து கேட்க வேண்டும்.

ஓட்டும்போது செய்யப்போவதை வாய்விட்டுச் சொல்லுங்கள்: “கண்ணாடி பார்த்தேன், பின்னால் பைக் வருகிறது, அது போன பிறகு திரும்புகிறேன்.” முதலில் கூச்சமாக இருக்கும். ஆனால் பதற்றத்தில் மனம் வேறு எங்கோ ஓடாமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. பழக்குகிறவருக்கும் உங்கள் கவனம் எங்கே இருக்கிறது என்று புரியும், தேவையில்லாமல் குறுக்கிட மாட்டார். ரிவர்ஸ் எடுக்கும்போது யாராவது கத்தினால் கை கால் ஓடாது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்: “அண்ணே, பின்னால் எடுக்கும்போது கீழே இறங்கி நின்று கையைக் காட்டுங்கள், கத்த வேண்டாம்.” தனியாக இருக்கும்போது, வண்டியை விட்டு இறங்கிப் பின்பக்கத்தை நடந்துபோய்ப் பார்க்காமல் சந்தில் ரிவர்ஸ் எடுக்காதீர்கள். குழந்தைகள் வண்டியைப் பார்க்க ஓடிவருகிற ஊர்கள் நம்முடையவை.

நெஞ்சு படபடக்கும்போதே என்ன செய்வது

இதயம் அடித்துக்கொள்வது, உள்ளங்கை வியர்ப்பது, வாய் உலர்வது எல்லாம் அட்ரினலின் சுரப்பதால் வருவன. ஆபத்து என்று நினைத்து உடம்பு தயாராகிறது. அதனால் உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் பார்வையும் கவனமும் குறுகிவிடும். கண்ணாடியைப் பார்க்க மறப்பதும், பக்கத்துத் தெருவிலிருந்து வரும் சைக்கிள் கண்ணில் படாமல் போவதும் இதனால்தான். ஆகவே படபடப்போடு ஓட்டிக்கொண்டே சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

இடதுபுறம் ஒதுங்கி நிறுத்துங்கள். ஆற்றுக்கரைச் சாலையிலோ வாய்க்கால் ஓரத்திலோ வேண்டாம், மழை பெய்த மண் சரியும். கெட்டியான தரையாகப் பார்த்து நிறுத்திக் கைப்பிரேக் போடுங்கள். நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். வெளியே விடும் மூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம், இதயத் துடிப்பு அதில் குறையும். சில தடவை செய்த பிறகு ஒரு வாய் தண்ணீர். பிறகு அடுத்த பார்சலின் முகவரியை மட்டும் வாய்விட்டுப் படியுங்கள். மீதி எத்தனை இருக்கிறது என்று திரையைப் பார்க்காதீர்கள், அந்த எண்ணே மறுபடி கலக்கும்.

வாசலில்

பெரும்பாலான வீடுகளில் மரியாதையாகத்தான் நடத்துவார்கள். ‘தம்பி, வெயிலில் வந்திருக்கிறாய், மோர் குடித்துவிட்டுப் போ’ என்று சொல்லும் வீடுகள் நிறைய. கோபப்படுகிறவர்களும் உண்டு. நான்கு நாள் தாமதத்துக்கான கோபம் அது, கைக்கு எட்டியவர் நீங்கள் என்பதால் உங்கள் மேல் விழுகிறது. “தாமதமானதற்கு மன்னியுங்கள் ஐயா, நான் மேலே சொல்கிறேன்” என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள். விளக்கம் கொடுக்க ஆரம்பித்தால் வாக்குவாதம் வளரும்.

பணம் வாங்கும் பார்சல் என்றால் அவர் முன்னாலேயே எண்ணுங்கள், எண்ணி முடித்த பிறகு பார்சலைக் கொடுங்கள். உங்கள் சொந்தப் பணமும் வசூல் பணமும் ஒரே பையில் இருக்கக் கூடாது. சில்லறைக்குக் காலையிலேயே வழி செய்துகொள்ளுங்கள். போனில் பணம் அனுப்பினால் அவர் திரையைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள், உங்கள் பக்கம் வந்து சேர்ந்ததாகக் காட்ட வேண்டும்.

நாய்க்குப் பயந்தால் கேட்டைத் திறக்காதீர்கள். வாசலில் நின்றே கூப்பிடுங்கள், போன் செய்யுங்கள், ஓடாதீர்கள். மீறிக் கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதையும் வைக்க வேண்டாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள், ஊசி இலவசம். எத்தனை தவணை சொல்கிறார்களோ அத்தனையும் போட்டு முடியுங்கள். மீதிப் பார்சல் அப்புறம்தான்.

சாலையும் பருவமும்

குறுவை அறுவடையான செப்டம்பர், அக்டோபரிலும் சம்பா அறுவடையான ஜனவரி, பிப்ரவரியிலும் சாலையில் பாதி நெல்லாக இருக்கும். ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள், இருட்டில் தெரியாது. வைக்கோல் மேல் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும், சூடான சைலன்சருக்கு அடியில் வைக்கோல் சிக்கினால் தீப்பிடிக்கும். எனவே அதன் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. களிமண் பாதைகளில் வண்டி இறங்கினால் ஏறாது. தார்ச்சாலையிலேயே நிறுத்தி, வீட்டுக்காரரை வரச்சொல்லுங்கள் அல்லது நடந்து போங்கள்.

வியாழக்கிழமை ஆலங்குடி, சனிக்கிழமை திருநள்ளாறு, முகூர்த்த நாளில் கும்பகோணம் ஆகிய இடங்களில் நேரம் கூடுதலாகும். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணித் திருவிழா. அதற்கு முன்பிருந்தே பாதயாத்திரை போகிறவர்கள் சாலையோரம் நடந்துகொண்டிருப்பார்கள், இருட்டிய பிறகு மிகக் கவனமாக ஓட்டுங்கள். நீடாமங்கலம் மாதிரி ஊர்களில் ரயில்வே கேட் போட்டுவிட்டால் எரிச்சல்பட்டு என்ன பயன்? எஞ்சினை நிறுத்திவிட்டு அடுத்த மூன்று வீடுகளுக்குப் போன் செய்யுங்கள். இழந்த நேரத்தில் பாதி அதிலேயே திரும்பிவிடும்.

நேரம் போதவில்லை என்றால்

இந்த வேலையில் விபத்துக்குக் காரணமாவது பயமல்ல, பின்தங்கிவிட்டோமே என்ற அவசரம். ஆகவே மதியம் இரண்டு மணிக்கு ஒரு கணக்குப் பாருங்கள். பாதிக்கு மேல் மீதி இருந்தால் அப்போதே குடோனுக்குப் போன் செய்து சொல்லுங்கள். அந்த நேரத்தில் சொன்னால் பக்கத்து ரூட்டில் இருப்பவர் வந்து கொஞ்சம் வாங்கிக்கொள்ள முடியும். இரவு ஏழு மணிக்குச் சொன்னால் ஒருவராலும் உதவ முடியாது. திட்டுவார்கள் என்று பயந்து மூடிவைக்கிற புதியவர்கள்தான் குறுகிய ஆற்றுக்கரைச் சாலையில் வேகம் எடுக்கிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. ஒரு மிக்சி பார்சல் நாளைக்குப் போனால் யாருக்கும் ஒன்றும் ஆகாது.

சாயங்காலம் பணத்தைக் கட்டிய பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்து, அன்று தேடி அலைந்த வீடுகளின் அடையாளத்தை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: ‘பச்சை கேட், பால் சொசைட்டிக்கு எதிரே, மதியம் ஆள் இருக்காது.’ அதே வீட்டுக்குத் திரும்பவும் போவீர்கள்.

பழக்கம் வந்த பிறகும் பல வாரங்களாகத் தூக்கம் வரவில்லை, காலையில் வண்டிச் சாவியை எடுத்தாலே நெஞ்சு அடைக்கிறது என்றால் அதை மறைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் எண் 14416-ஐ அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. மார்வலி கைக்கோ தாடைக்கோ பரவி, உடம்பு சில்லிட்டு வியர்த்தால் அதைப் பயம் என்று நினைத்து உட்கார்ந்திருக்காதீர்கள், உடனே 108.

தனியாகப் போகும் முதல் நாளுக்கு, உங்களுக்குத் தெரிந்த பகுதியையே கேட்டு வாங்குங்கள். சொந்த ஊர், மாமியார் ஊர், படித்த பள்ளிக்கூடம் இருந்த ஊர், எதுவானாலும் சரி. வழக்கமான லோடில் பாதியைக் கேளுங்கள். பொறுப்பாளர் முகம் சுளித்தாலும் இரண்டு மூன்று நாளைக்கு மட்டும் என்று சொல்லுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். பழக்கிக் கொடுத்த அண்ணனின் எண்ணைப் போனின் முதல் திரையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் வண்டியை நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். என்னிடம் பழகியவர்கள் கூப்பிடுகிறார்கள், நானும் எடுக்கிறேன்.